தையல்காரர் வீட்டுப் போர்க்குழி

தொல்பொருள் துறையினர் தையல்காரர் வீட்டு வாசலில் குழி வெட்ட வந்தபோது, வேலை பதினைந்தே நாளில் முடிந்துவிடும் என்று எழுத்துமூலமாக உறுதி கொடுத்தார்கள். தையல்காரருக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்தில் அந்தத் தெரு முழுக்க ஒரு துரையின் பங்களாவாக இருந்தது. பிறகு யுத்தம் வந்தது. பட்டாளத்தார் தெருக்கோடியில் பீரங்கி மேடை கட்டி எதிரிக்குக் காத்திருந்தார்கள். எதிரி வரவில்லை. இந்த இரண்டையும் ஆராய வந்த அதிகாரி, பங்களாவின் அஸ்திவாரம் தையல்காரர் வாசலுக்கு அடியில்தான் போகிறது என்று முடிவுசெய்து, மார்பளவு ஆழத்தில் ‘ட’ வடிவில் ஒரு குழி வெட்டினார். பீங்கான் துண்டு மூன்றும் மருந்துக் குப்பி ஒன்றும் கிடைத்தன. அவற்றைப் பஞ்சில் சுற்றிக்கொண்டிருந்தபோதே அவருக்கு மீன்வளத் துறைக்கு மாற்றல் வந்தது. அவர் போய்விட்டார். குழிக்கு மாற்றல் வரவில்லை.

மேற்படி குழியை மூட வேண்டுமானால் வெட்டியவர் கையெழுத்து வேண்டுமாம். தையல்காரர் மூன்று கடிதம் எழுதினார். தாம் தற்போது மீன்கள் தொடர்பான பொருள்களில் மட்டுமே கையெழுத்திட இயலும் என்று ஒரு பதில் வந்தது. இரண்டு மழைக்காலம் போயிற்று. குழியில் புல் முளைத்தது, ஓரங்கள் சரிந்தன. வாடிக்கையாளர்கள் பலகைமேல் நடந்து வந்து அளவு கொடுத்தார்கள். வயதானவர்கள் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். ஒருநாள் தையல்காரரின் மனைவி பலகை வழுக்கி உள்ளே விழுந்து, ஆறு வாரம் காலில் மாவுக்கட்டோடு கிடந்தார்.

அதற்கப்புறம்தான் புது அதிகாரி அம்மையார் வந்தார். குழியை விளிம்போடு ஒருமுறை சுற்றி வந்தார். இது யுத்த காலத்துப் பதுங்கு குழி என்றார். குண்டுச் சிதறல் நேராகப் பாயாமலிருக்கத்தான் இந்தத் திருப்பம் என்று விளக்கினார். உள்ளே இறங்கித் தூரிகையால் மண்ணைத் தள்ளியதில் ஒரு கண்ணாடி டம்ளரும் ஒற்றை ரப்பர் செருப்பும் கிடைத்தன.

டம்ளர் தங்களுடையது என்றும், போன அதிகாரிக்கு அதில்தான் தேநீர் கொடுத்தது என்றும், குழியை வெட்டியதே அவர்தான் என்றும் தையல்காரர் பணிவாகத் தெரிவித்தார்.

“வாய்ப்பேச்சை எல்லாம் நாங்க ஆதாரமா எடுத்துக்க முடியாதுங்க” என்றார் அம்மையார். டம்ளர், ‘வீரர்கள் அருந்திய பானக் குவளை’ என்று பதிவேட்டில் ஏறியது.

வாசற்படியில் உட்கார்ந்திருந்த தையல்காரரின் மனைவி, பட்டாளத்துக் குழி என்றால் அதை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். ஒரு மாதத்தில் ஆய்வை முடித்து மூடிவிடலாம், பழைய கையெழுத்து தேவைப்படாது என்று பதில் வந்தது. அவர் கணவனைப் பார்த்தார்.

“ஏங்க, அத்தை இதுலதான ஒளிஞ்சிருந்ததா சொல்லுவாங்க?”

தையல்காரர் தலையாட்டினார். “ஆமா. அப்ப பத்து வயசு அவங்களுக்கு. அபாயச் சங்கு ஊதினா ஓடிவந்து உக்காந்துக்குவாங்களாம்.”

இந்த வாய்ப்பேச்சை அம்மையார் மூன்று பிரதிகளில் எழுதிக் கையெழுத்து வாங்கினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. “இவ்வளவு நாள் இது வெறும் குழி. இனிமே மக்களோட நினைவு. இதை எப்படிங்க மூடறது?”

கம்பிவேலி வந்தது, அறிவிப்புப் பலகை வந்தது. அப்போது நகரத்தில் பாரம்பரிய நடை என்றொரு மோகம் பரவியிருந்தது. ஞாயிறுதோறும் கைத்தறி உடையும் துணிப்பையுமாக வந்தவர்கள் குழியில் இறங்கிக் கண்ணை மூடி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். தையல்காரர் கதை சொல்லக் கடமைப்பட்டார். முதல் வாரம் கதையில் அவருடைய அம்மா குழியில் தனியாக இருந்தார். மூன்றாம் வாரம் மடியில் ஒரு தம்பி இருந்தான். ஐந்தாம் வாரம் தையல்காரர் பாதிக் கதையில் அழுதுவிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் அத்தை இந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை என்று உள்ளே முணுமுணுத்த மனைவியும், எட்டாம் வாரம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

குழி வெட்டியதை அந்தத் தெருவே மதில்மேல் சாய்ந்து வேடிக்கை பார்த்திருந்தது. இருந்தாலும் பால்காரருக்குத் தன் தாத்தா அதில் இருந்தது நினைவுக்கு வந்தது. சலவைக்கடைக்காரருக்கு இரண்டு சித்தப்பாக்கள் நினைவுக்கு வந்தார்கள். ஒன்பது பேர் நிற்கக்கூடிய குழியில் நாற்பத்திரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் பெயரைக் கல்லில் பொறிக்க வாரிசுகள் சங்கம் அமைத்துக் கூட்டம் போட்டார்கள். உட்கார்ந்திருந்த வரிசைப்படி பெயர் வர வேண்டும் என்றும், முதலிடம் தன் தாத்தாவுடையது என்றும் பால்காரர் சொன்னார்.

தையல்காரர் எழுந்தார்.

“எங்கம்மா உக்காந்த எடத்துல உங்க தாத்தாவ உக்கார வைக்காதீங்க. அவங்க பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.”

கைகலப்பாகும்போல் இருந்தது. அம்மையார் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, இத்தனை பேர் ஒரே குழியில் இருந்திருக்க வழியில்லை, ஆகவே இந்தத் தெருவில் இன்னும் நான்கு குழிகளாவது இருந்தாக வேண்டும் என்று அறிவித்தார். கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று. முதல் வாசல் என்னுடையதாக இருக்கட்டும் என்று பால்காரர் முந்திக்கொண்டார். மறுநாள் கடப்பாரையைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார்.

மாலைக்குள் மார்பளவு தோண்டிவிட்டார்கள். உள்ளே ஒன்றுமே அகப்படவில்லை. ஆனால் அம்மையார் சொன்னபடியே அங்கே ஒரு குழி இருந்தது.