காரணத்தோடு பிறந்தவர்

அன்று மத்தியானம் என் கைகள் ஓட்வார் என்பவரின் கோட்டுப் பைகளைக் காலி செய்துகொண்டிருந்தன. மூளையைப் படம் எடுக்கும் அந்தப் பெரிய குழாய் முழுக்கக் காந்தம். ஒரு ஹேர்பின்னைக்கூட உள்ளே விடக்கூடாது. குறைமாதக் குழந்தைகள் வார்டில் முப்பத்தெட்டு வருடம் நர்சாக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, வாரம் இரண்டு நாள் இந்த வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். சாவிக்கொத்து, பேனாக்கத்தி, பெல்ட், உதட்டுக்குள் ஒதுக்கும் புகையிலையின் தகர டப்பா, உள்பையில் மூன்று தூண்டில் முள், அடியில் என் மணிக்கட்டை இழுத்த நாலு ஈயக்குண்டு.

"இவ்வளவையும் நீங்களே சுமந்துகிட்டா வந்தீங்க?"

"மெதுவா நடந்து வந்தேன்," என்றார். "நான் ஏழு மாசத்துல பிறந்தவன்."

வாசகர்களே, இந்த இனத்தை அறிமுகப்படுத்திவிடுகிறேன். இவர்தான் காரணத்தோடு பிறந்தவர். நாமெல்லாம் பல் இல்லாமல், துணி இல்லாமல், வெறுங்கையோடு பிறக்கிறோம். இவர் மட்டும் கைக்குள் ஒரு காரணத்தை இறுக்கிப் பிடித்தபடி பிறக்கிறார், பள்ளிக்கூடத்தில் அதைக் காட்டி ஓட்டப்பந்தயத்திலிருந்து தப்பிக்கிறார், கல்யாணத்தில் அதை மனைவியிடம் மோதிரத்தோடு ஒப்படைக்கிறார், பிறகு வாழ்நாள் முழுவதும் கழுவாத தட்டுக்கும் அள்ளாத பனிக்கும் மறந்துபோன பிறந்தநாளுக்கும் அதையே எடுத்து நீட்டுகிறார். தேய்வதே இல்லை. நல்ல சரக்கு.

இவரை அடையாளம் காண்பது எளிது. இவருடைய களைப்புக்குக் கண் உண்டு. மண்வெட்டியைப் பார்த்தால் வரும்; படகைப் பார்த்தால் வராது. மாடிப்படியில் விறகைத் தூக்கும்போது மூச்சு வாங்கும். அதே கனத்தில் ஒரு காட் மீன் தூண்டிலில் சிக்கினால் மூச்சு வாங்குவதே மறந்துபோகும். முன்பெல்லாம் இவர் நுரையீரல் பலவீனம் என்று சொல்லிக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். அது பழைய பாட்டு. குறைமாதத்தில் பிறந்தவர்களின் மூளை பெரியவர்களான பிறகும் சற்று வேறாக இருக்கிறது என்று என்றைக்கு எங்கள் பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்ததோ, அன்றைக்கு இவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. செய்தியை வெட்டிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினார். நரம்பிழைகள் ஓடும் பகுதிக்கு வெண்பொருள் என்று பெயர் என்பதை மனப்பாடம் செய்தார். அதன்பிறகு, "துணியைக் காயப்போடச் சொன்னேனே?" என்று மனைவி கேட்டால், "என் வெண்பொருள் அப்படி, யோருன்," என்று சோகமாகச் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்வார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் என் வார்டுக் குழந்தைகளுக்குத் துரோகம் செய்தவளாவேன். அந்த ஆராய்ச்சி பொய் இல்லை. சீக்கிரம் பிறந்தவர்களைக் கூட்டமாகச் சேர்த்துப் பார்த்தால் மூளையின் சில பகுதிகள் சற்றுச் சிறியவை, சில இணைப்புகள் சற்று மெலிந்தவை; சிலருக்கு உண்மையாகவே களைப்பு உண்டு, பதற்றம் உண்டு. ஆனால் கூட்டத்தைப் பற்றிச் சொல்வதை ஒற்றை ஆளின் தலையில் ஏற்றி வைக்க முடியாது. என் விரல் கனம்தான் கை இருந்தது, எழுநூற்று எண்பது கிராமில் பிறந்த ஒருத்திக்கு. இப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது. போன மாதம் படம் எடுக்க வந்தாள். "கணக்கு எனக்கு ஏறாது, மெதுவா சொல்லுங்க," என்றாள், செருப்பு அளவைச் சொல்வதுபோல. பிறகு, "எப்ப முடியும்? ரெண்டு மணிக்கு டியூட்டி," என்றாள். அவ்வளவுதான். உண்மையான காரணம் உள்ளவர்களுக்கு அதைப் பற்றிப் பேச நேரம் இருப்பதில்லை.

ஓட்வாருக்கு நேரம் இருந்தது. அறுபதுகளில் குறைமாதமாகப் பிறந்தவர்கள் வேண்டும் என்று ஆராய்ச்சிக் குழு விளம்பரம் செய்திருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் தீவுகளில் ஏழு மாதப் பிள்ளையை வைத்துக் காப்பாற்றக் கண்ணாடிப் பெட்டி ஏது? பிழைத்தவர்கள் சிலர்தான். ஆகையால் ஐம்பத்தெட்டு வயது ஓட்வார் விண்ணப்பித்ததும் இளம் டாக்டர் சுன்னிவாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அவர் வந்தது அறிவியலுக்காக அல்ல. காத்திருப்பு அறையில் அவர் மனைவி யோருன் ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். உட்கார்ந்தால் எழ முடியாது, முதுகு அப்படி. பக்கத்துச் சக்கர நாற்காலியில் ஓட்வாரின் அம்மா போர்கில், எண்பத்திரண்டு வயது. வீட்டில் தனியாக விட முடியாததால் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். தூக்கியது யாரென்று கேட்க வேண்டுமா?

மறுநாள் காலை எட்டு மணிக்கு யோருனுக்கு முதுகில் ஆபரேஷன். பிறகு ஆறு வாரம் ஒரு வாளியைக்கூடத் தூக்கக்கூடாது. ஊராட்சியின் உதவியாள் மத்தியானம் ஒருமுறைதான் வருவாள். காலையிலும் மாலையிலும் கிழவியைப் படுக்கையிலிருந்து எழுப்ப, துடைக்க, உடுத்த ஓட்வார்தான் இருக்கிறார். இதற்கு முன் இரண்டு தடவை, "என்னால முடியுமான்னு தெரியலையே," என்று அவர் பெருமூச்சு விட்டு, இரண்டு தடவையும் யோருன் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டாள். மூன்றாவது தடவை தள்ளிப்போட்டால் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவாள், இடது கால் மரத்துப்போக ஆரம்பித்துவிட்டது என்று என்னிடம் சொன்னாள்.

"மூணு மணிக்குள்ள வருவேனா மாட்டேனான்னு வார்டுக்குச் சொல்லணும். இந்தப் படத்துல அவருக்கு முடியாதுன்னு வந்துட்டா நான் என்ன பண்றது, குன்வோர்?"

"படத்துல அப்படியெல்லாம் வராது," என்றேன்.

"அவர் வரும்கறாரு."

ஓட்வார் குழாய்க்குள் நாற்பது நிமிடம் படுத்திருந்தார். அசையாமல் படுத்திருக்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அந்த நேரத்தில் ஆவணக் காப்பகத்திலிருந்து வந்த உறையைப் பிரித்தேன். பிறப்பு விவரத்தைச் சரிபார்ப்பதும் என் வேலைதான். தீவு மருத்துவச்சியின் பழைய பதிவேட்டின் நகல் அன்றுதான் தபாலில் வந்திருந்தது. ஆண் குழந்தை. எடை நாலாயிரத்து நூற்றைம்பது கிராம். நீளம் ஐம்பத்து நாலு சென்டிமீட்டர். அழுகை: மிகப் பலம். எத்தனை மாதம் என்ற கட்டத்தில் மருத்துவச்சி ஒழுங்கான கையெழுத்தில் எழுதியிருந்தாள்: "தாய் சொன்னபடி, ஏழு."

இந்தக் கைகள் ஏழு மாதக் குழந்தைகளை எத்தனை நூறு தடவை தூக்கியிருக்கின்றன! நாலு கிலோவில் ஏழு மாதப் பிள்ளை பிறந்தால், ஒன்று அது யானைக்குட்டி, இல்லையென்றால் கல்யாணம் தாமதம். ஆனால் வாயைத் திறக்க எனக்கு உரிமை இல்லை. பதிவேடு ரகசியம். டாக்டரிடம் தாளை நீட்டினேன். அவளுக்கு எடை புரிந்தது. விரல்விட்டு எண்ணியதும் மற்றதும் புரிந்து காதுவரை சிவந்தாள்.

காத்திருப்பு அறையில் எல்லோருக்கும் காப்பியும் வாஃபிள் என்ற கட்டம் போட்ட அப்பமும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் கொடுத்துவிட்டு, சுன்னிவா ஓட்வாரிடம் ஆரம்பித்தாள்.

"உங்களோட பிறப்பு எடை எங்க குழுவுக்குப் பொருந்தலை. அதனால உங்களைச் சேர்த்துக்க முடியாது."

"எவ்வளவு இருந்தேன்?"

"நாலு கிலோவுக்கு மேல."

ஓட்வார் ஒரு கணம் யோசித்தார். முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா! ஏழு மாசத்துலயே நாலு கிலோ. முழுசா இருந்திருந்தா ஆறு கிலோ வந்திருப்பேன். அந்த ரெண்டு கிலோதான் இன்னைக்கு வரைக்கும் எனக்குக் குறையுது."

சுன்னிவா வாஃபிளைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். எங்கள் ஊர்க்காரர்கள் ஒருவரை நேருக்கு நேர் வெட்கப்பட வைப்பதைவிடக் கடலில் குதித்துவிடுவார்கள்.

"படத்துல என்ன தெரியுது?" என்றார் ஓட்வார்.

"ஒருத்தரோட படத்தை மட்டும் வச்சு எதுவும் சொல்ல முடியாதுங்க."

"சொல்ல முடியாத அளவுக்கு மோசம்," என்று மனைவியிடம் திரும்பினார். "கேட்டியா யோருன்? இந்த நிலையில அம்மாவை நான் எப்படித் தூக்குவேன்? நடுவுல விட்டுட்டா? கொஞ்ச நாள் பொறுத்துக்க. முதுகு எங்க ஓடிப்போகுது?"

மணி இரண்டே முக்கால். யோருன் பையிலிருந்து போனை எடுத்தாள். வரவில்லை என்று சொல்ல வார்டின் எண்ணைத் தேடினாள்.

"போனைக் கீழ வை," என்றாள் போர்கில்.

அதுவரை அந்தக் கிழவி வாஃபிளைத் தவிர எதிலும் கவனம் இல்லாதவள்போல இருந்தாள். இப்போது தட்டை என் கையில் கொடுத்து, வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ஓட்வார், எனக்கு எப்பக் கல்யாணம் ஆச்சு?"

"ஜூன் கடைசியில."

"நீ எப்பப் பிறந்த?"

"ஜனவரி கடைசியில. அதான் ஏழு மாசம்."

"கல்யாணத்துக்கு ஏழு மாசம். உனக்கு ஒன்பது."

"அப்ப என் நுரையீரல்?" என்றார் ஓட்வார்.

"நீ அழுதது பக்கத்துத் தீவுக்குக் கேட்டுச்சு. மருத்துவச்சி காதைப் பொத்திக்கிட்டா."

"அப்புறம் ஏம்மா என்னைப் படகு வலிக்க விடலை? கம்பளிக்குள்ளயே வச்சிருந்தியே, பத்து வயசு வரைக்கும்?"

"எங்கப்பா ஜெபவீட்டுல பிரசங்கம் பண்றவரு. குறைமாசப் பிள்ளைன்னு சொல்லியாச்சு. நீயோ தொட்டில் கொள்ளாம கிடக்குற. ஊரை நம்ப வைக்கணும்னா பொத்திப் பொத்தித்தானே வளர்க்கணும்? ஞாயித்துக்கிழமை உன்னை மூணு சால்வையில சுத்தித் தூக்கிட்டுப் போவேன். எல்லாரும் பாவம்னு சொல்லுவாங்க. அப்புறம் உனக்கே அது பிடிச்சுப்போச்சு. எனக்கும் வசதியாப் போச்சு." யோருன் பக்கம் திரும்பினாள். "என் மானத்தை இவ்வளவு வருஷமா உன் முதுகுல ஏத்தி வச்சிருந்திருக்கேன். போதும். ஆஸ்பத்திரிக்கு வர்றேன்னு சொல்லு."

யோருன் முதலில் வாயைப் பொத்தினாள். பிறகு சிரிப்பு வெடித்தது. "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, முதுகு, முதுகு!" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, வார்டுக்குப் போன் செய்தாள். மணி மூன்றுக்கு நாலு நிமிடம் இருந்தது.

இத்தோடு இவர் திருந்தினார் என்று நினைத்தால், இந்த இனத்தை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. காரணம் போனால் இவர் வெறுங்கையோடு நிற்பார், ஒரு நிமிடம். ஓட்வார் அந்த நிமிடத்தைக்கூட முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோட்டை மாட்டும்போதே, "இப்பத்தான் புரியுது," என்றார் என்னிடம், புதையல் கிடைத்தவர்போல. "என்னைப் பொத்தி வளர்த்துட்டாங்க. அதான் இப்படி ஆயிட்டேன்."

"சரி," என்றாள் போர்கில். "அதை நாளைக்குக் காலையில என்னைத் தூக்கிக்கிட்டே சொல்லு."

என் தொலைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதி அவர் பையில் திணித்தேன். எதற்கும் இருக்கட்டும். மற்றவர்களின் பெயர்களை இங்கே மாற்றியிருக்கிறேன். போர்கில் மட்டும் தன் பெயரை அப்படியே போடச் சொன்னாள். மறைத்தது போதுமாம்.

நீங்கள் மூத்தவராகப் பிறந்திருக்கலாம், கடைக்குட்டியாகப் பிறந்திருக்கலாம், ஒற்றைப் பிள்ளையாக, இரட்டையில் ஒருவராக, அப்பாவின் கோபத்தோடோ அம்மாவின் தலைவலியோடோ பிறந்திருக்கலாம். உங்கள் கை எதைப் பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போது, 'அட, இது அப்படியே நம்ம இன்னார்தான்' என்று வீட்டில் வேறொருவருடைய முகம் நினைவுக்கு வந்ததா? அதுதான் முதல் அறிகுறி. இரண்டாவது, நீங்கள் இதைப் படிக்கும் இந்த நேரத்தில் சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது. அங்கே நிற்பது நீங்கள் இல்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு யோருனைக் கட்டிலோடு ஆபரேஷனுக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். ஏழேகாலுக்கே தீவிலிருந்து எனக்குப் போன்.

"குன்வோர், அம்மாவுக்கு ரத்த ஓட்டத்துக்குப் போடுற இந்த இறுக்கக் காலுறை ஏறவே மாட்டேங்குது."

"குதிகால் வரைக்கும் உள்பக்கமா மடிச்சுக்குங்க. முதல்ல பாதம். அப்புறம் மெல்ல மேல ஏத்துங்க. கையுறை போட்டா பிடி கிடைக்கும்."

மூச்சு வாங்கும் சத்தம். உண்மையான மூச்சு, அந்தக் காலுறையை மாட்டினால் யாருக்கும் வாங்கும். நான் போனைக் காதில் வைத்தபடி என் ரொட்டிக்கு வெண்ணெய் தடவினேன். பதினோரு நிமிடம் ஆயிற்று.

"போட்டாச்சு!"

பின்னாலிருந்து கிழவியின் குரல் வந்தது. "குதிகால் முன்னாடி இருக்கு. கழட்டு."

"அம்மா, நான் வந்து..." என்று ஓட்வார் ஆரம்பித்தார்.

"கழட்டுன்னேன்."

கழற்றினார். முதலிலிருந்து மாட்டினார்.