சொல்தா காட்டிய பாலைவனம்

1937 ஜனவரி 9, சனிக்கிழமை. விடிந்ததும் எழுந்தேன். மாட்டுக்கு வைக்கோலை உதறிப் போட்டேன். பல் விளக்கி, நீராகாரம் குடித்து, பனிக்குக் காதை மூடித் துண்டு கட்டினேன். கொம்யூன் ஆபீசுக்கு, அதாவது பிரெஞ்சு சர்க்காரின் ஊராட்சி ஆபீசுக்கு, முதல் நாளே லீவு சொல்லியிருந்தேன். காரணம் கேட்டதற்குச் சொந்த வேலை என்றேன். பாலைவனம் பார்க்கப் போகிறேன் என்றிருந்தால் பெரிய குமாஸ்தா என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார்.

அந்தக் காலத்தில் பாகூரில் பாலைவனத்தைப் பற்றித் தெரியாத குழந்தைகூடக் கிடையாது. ஏரியும் நெல்லும் கரும்புமாக, கால் வைத்த இடமெல்லாம் சேறாகிற ஊர் அது. ஆனாலும் ஒட்டகம் எந்தப் பக்கம் உதைக்கும், மணற்காற்று அடித்தால் எப்படிக் கவிழ்ந்து படுக்க வேண்டும் என்பதெல்லாம் எங்கள் தெருவுக்கு அத்துப்படி. எல்லாவற்றுக்கும் காரணம் ஒரே ஆள், சொல்தா.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்லுவார்கள். அவருடைய நிஜப் பெயர் பென்ஷன் ஆபீசுக்குத் தெரிந்திருக்கலாம். ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு பாலைவனத்தில் ஒன்பது வருஷம் காவல் இருந்தவர். திரும்பி வந்து அதைப்போல இரண்டு மடங்கு காலம் ஆகியும் முழுதாக வந்து சேரவில்லை. கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்றினால், "அங்கெல்லாம் ஒரு நாளைக்கே இவ்ளோ தண்ணிதான் முசே" என்பார். ஐயா என்பதற்கு அவருக்கு எப்போதும் முசேதான். ஐப்பசி மழையில் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர் ஓடும்போது, முண்டாசு கட்டிக்கொண்டு நின்று வறட்சியைப் பற்றிப் பேசுவார். ஒரு கருமாதி வீட்டில், அழுகிறவர்களிடம் கண்ணீரை வீணாக்காதீர்கள் என்று சொல்லி, அடி வாங்காமல் தப்பியது அவருடைய பட்டாளத்து ஓட்டத்தினால்தான்.

தெரு சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காதவள் அவர் மனைவி அஞ்சலை ஒருத்திதான்.

"கண்ணாலம் ஆன வருசமே கப்பல் ஏறுனே. சரி, போனே. காலம் முடிஞ்சி வர்றப்ப மறுபடி கையெழுத்துப் போட்டுட்டு அங்கியே குந்திக்கினே. அப்படி இன்னாதான் இருக்குது அங்க? எனக்கும் காட்டு."

அவள் கேட்டது அது ஒன்றுதான். மார்கழி வரட்டும், காட்டுகிறேன் என்பார். பாலைவனத்துக்கு வெயிலைவிடக் குளிர்தான் அழகு என்பது அவர் கட்சி. மார்கழிகள் வந்து போய்க்கொண்டே இருந்தன. அந்த வருஷம் அஞ்சலைக்கு நாலு அடி நடந்தால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. இருதயம் பலவீனம் என்றார் டாக்டர். அன்று சாயங்காலமே சொல்தா என் வண்டியைக் கேட்டு வந்து நின்றார். நான் மாட்டை யாருக்கும் இரவல் தருவதில்லை. ஆகவே நானே ஓட்டினேன்.

ஒரு பானை தண்ணீரை ஏற்றி, வாயைத் துணியால் கட்டி, அதைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி ஏரிக்கரையில் போகும்போது அஞ்சலை தண்ணீர் கேட்டாள்.

"பாத்துக் குடி. சாயங்காலம் வரைக்கும் இதான்."

"எதிர்ல ஏரி ரொம்பி வழியுது. கண்ணு தெரியலியா உனக்கு?"

"அதெல்லாம் கானல்."

"கானல்ல கொக்கு நிக்குமாய்யா?"

அவர் முதலில் காட்ட நினைத்தது குருவிநத்தத்து ஆற்று மணல். சித்திரையில் கண்ணுக்கு எட்டிய தூரம் அது மணல்தான். ஆனால் இது மார்கழி. ஆற்றில் ஆறு இருந்தது. எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர், "இன்னா தேடுறீங்க?" என்றார்.

"மணல்."

"அடியில கீது. தண்ணி வடிஞ்சதும் வாங்க."

சொல்தா பத்து வயது கூடினவர்போல வண்டியில் ஏறினார். "கடலோரம் விடுங்க முசே, அங்க மேடு இருக்குது" என்றார்.

கிழக்கே போகும் வழியில் கொஞ்ச தூரம் இங்கிலீஷ்காரன் எல்லை. எங்கள் பக்கத்தில் வீடு பிரெஞ்சிலும் கொல்லை இங்கிலீஷிலும் இருப்பது சகஜம். சுங்கச் சாவடிச் சேவகன் வண்டியை நிறுத்தினான்.

"எங்க போறீங்க?"

"பாலைவனம்," என்றார் சொல்தா, விறைப்பாக.

"பானையில இன்னா, சாராயமா?"

"தண்ணி."

அவன் துணியை அவிழ்த்து முகர்ந்தான். ஒரு வாய் குடித்தும் பார்த்தான். முகம் தொங்கிப்போயிற்று. "தண்ணிதான். இத்த ஏன்யா இப்படிக் கட்டிக் காபந்து பண்றே?"

"நல்லா கேளு தம்பி," என்றாள் அஞ்சலை.

பிற்பகலில் மணல்மேட்டை அடைந்தோம். சொல்தா அவளைக் கைத்தாங்கலாக மேலே ஏற்றி, கடலுக்கு முதுகு காட்டி நிறுத்தினார். அலைச் சத்தம் கேட்கக்கூடாது, காதைப் பொத்திக்கொள் என்றார். ஒரு பனைமரம் இடைஞ்சலாகத் தெரிந்தது. அதை மறைக்க என்னைப் போய் நிற்கச் சொன்னார். போய் நின்றேன். பனைமரம் என்னைவிட உயரம்.

அஞ்சலை காதைப் பொத்தியபடி மணலைப் பார்த்தாள். காற்று அதை வரி வரியாக மடித்து வைத்திருந்தது. வெகுநேரம் பார்த்தாள். பிறகு, காது அடைத்திருந்ததால், கத்திக் கேட்டாள்.

"இதுக்கா ரெண்டாந் தபா கையெழுத்துப் போட்டே?"

அவர் பதில் சொல்லத் தொடங்கியதும் கையை எடுத்துவிட்டாள்.

"அங்க யாரும் என்னை ஒண்ணும் கேக்கல அஞ்சலை. எழுந்தா மணலு, படுத்தா மணலு. வூட்டுக்கு வந்தா நெலத்து வழக்கு, தங்கச்சி கண்ணாலம், படுக்கையில எங்கம்மா. எல்லாத்தையும் உன் தலையில போட்டுட்டேன். எனக்கு அங்க புடிச்சிருந்துச்சு. அதான்."

"தெரியும்."

"தெரியுமா?"

"நீ வாயால சொல்லணும்னு இருந்தேன்." உட்கார்ந்துகொண்டாள். "ரெண்டு பேரும் வண்டிகிட்ட போங்க. நான் செத்த நேரம் தனியா குந்தியிருக்கேன். கூப்பிடக் கூடாது."

நாங்கள் இறங்கி வந்தோம். முதலில் சொல்தா நுகத்தடியைத் தட்டிப் பார்த்தார். பிறகு, ஒரு சொட்டு யாருக்கும் விடாதவர், பானையை அப்படியே என் மாட்டுக்குக் காட்டினார். அது முழுவதையும் குடித்துவிட்டது. அவர் கவனிக்கவே இல்லை.

"இன்னா முசே பண்றா இவ்ளோ நேரம்?"

"மணலைப் பார்க்கிறாங்க."

"தனியா இருக்கா."

"ஆமாம்."

"நான் வேணா போய்..."

"கூப்பிடக் கூடாதுன்னு சொன்னாங்க."

உட்கார்ந்தார், எழுந்தார், மேட்டடி வரை போய்த் திரும்பினார். வெயில் சாய்ந்து அந்தப் பனைமரத்தின் நிழல் எங்கள்மேல் விழுந்தது. "ஒரு பொழுதுக்கே எனக்கு இப்படி இருக்குதே," என்றார். நான் மாட்டின் கழுத்துக் கயிற்றைத் தளர்த்திக் கட்டினேன். அது தளர்வாகத்தான் இருந்தது.

அஞ்சலை தானாகவே இறங்கி வந்தாள். புடவையெல்லாம் மணல். "நல்லாத்தான் இருக்குது," என்றாள் அவரிடம். "அடுத்த மார்கழிக்கும் வரலாம்."

அடுத்த மார்கழியில் வண்டி இருந்தது, மாடு இருந்தது, மணலும் இருந்தது. அவள் ஐப்பசி மழையிலேயே போய்விட்டாள். பதினெட்டு மார்கழி கையில் இருந்தும் ஒன்றைத்தான் செலவழித்தோம் என்று அவர் ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னார். அதன் பிறகு பாலைவனப் பேச்சே இல்லை. பந்தியில் அவர் இலைக்கு ரசம் ஊற்றுகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு நகர்வார்கள்.

அதெல்லாம் பிறகு. பயணத்துக்கு மறுநாள் காலை, முதல் வேலையாகப் பால் செம்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். சொல்தா வீட்டு வாசலில் சாணம் தெளித்திருந்தது. முண்டாசோடு அவர்தான் குந்தியிருந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தார். புள்ளியும் இல்லை, பூவும் இல்லை. பட்டாளத்தில் கூடாரம் அடிக்க இடம் குறிப்பதுபோல நாலு நேர்கோடு. எதிர் வீட்டுப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

"சத்தம் போடாதீங்க," என்றார், தலை நிமிராமல். "தூங்குறா."

நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அந்தக் கோடுகளை மிதிக்காமல் எதிர்ச்சுவர் ஓரமாக நடந்து போனேன்.