மரிசெல் போகக்கூடாது

"மிஸ்டர் அன்புராசா, மரிசெல் எப்படிப்பட்டவர்? அவருடைய வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல முடியுமா?"

போனில் ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் கேட்டது இவ்வளவுதான். காலை ஓட்ஸ் கஞ்சி அன்புராசாவின் தொண்டையில் போகவும் மாட்டேன் வரவும் மாட்டேன் என்று நின்றுவிட்டது.

குரல் மிக இனிமையாக விளக்கம் சொன்னது. வட ஒன்ராறியோவில் ஒரு ஆஸ்பத்திரியின் தலைமை நேர்ஸ் பேசுகிறாராம். மரிசெல் அங்கே நேர்ஸ் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாளாம். சோதனை பாஸாம். நேர்முகமும் முடிந்துவிட்டதாம். இனி அவள் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை விசாரித்தால் காரியம் சரியாம்.

"நாளைக்கு எடுங்கோ," என்று பதற்றத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டு அன்புராசா போனை வைத்தார். அந்த மனுசிக்கு விளங்கியதோ இல்லையோ, முருகனுக்குத்தான் வெளிச்சம்.

"என்ன அண்ணை, கஞ்சி அப்பிடியே கிடக்கு? முழுக்கக் குடியுங்கோ. பேந்து குளிசை," என்றாள் மரிசெல்.

நல்ல யாழ்ப்பாணத் தமிழ். அன்புராசாவின் அப்பா சண்முகலிங்கத்தாரிடம் படித்தது. பிலிப்பைன்ஸில் இலோயிலோ என்ற ஊரில் வார்ட் நேர்ஸாக இருந்தவள். பிறகு ரியாத்தில் இருந்தவள். கனடாவுக்கு வந்ததும், உன் பட்டம் இங்கே செல்லாது, திரும்பப் படி, சோதனை எழுது, காத்திரு என்று சொல்லிவிட்டார்கள். அவளோடு படித்தவர்களில் ஒருத்தி ஜெர்மனியில், ஒருத்தி டெக்சாஸில், ஒருத்தி மான்செஸ்டரில், எல்லாரும் வெள்ளைச் சப்பாத்துப் போட்ட நேர்ஸ்மார். மரிசெல் மட்டும் மல்வேர்னில் ஒரு ரவுண்ஹவுஸ் வரிசைவீட்டில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

அவள் அந்த வீட்டுக்கு வந்தது ஒரு பொல்லாத மாரிகாலத்தில். அப்பா ஐஸில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அதே கிழமை அன்புராசாவும் வேலையிடத்தில் மயங்கி விழுந்தார். அது சும்மா சின்ன மயக்கம். டொக்டர் ஏதோ நீட்டி முழக்கினார், அன்புராசா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருடைய கவலை எல்லாம் அப்பாதான். மனைவி பிரிந்து போய்க் கனகாலம். அவர் வேலைக்குப் போனால் எண்பது வயது மனுசனை யார் பார்ப்பது? அந்த நேரம் பார்த்து, அப்பாவே யாரையோ பிடித்து மரிசெல்லைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

அன்றிலிருந்து அன்புராசா போகிற கலியாணம், செத்தவீடு எல்லாவற்றிலும் ஒரே பேச்சுத்தான். "அப்பாவைப் பார்க்க வீட்டோட ஒரு ஆள் வைச்சிருக்கிறன். பிலிப்பைன்ஸ் நேர்ஸ். என்ன செய்யிறது, பெத்த தேப்பனல்லே!" சனம் இப்படியும் ஒரு பிள்ளையா என்று வாயைப் பிளக்கும். அன்புராசாவுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

இப்போது அந்த உச்சியில்தான் இடி விழுந்திருந்தது. மரிசெல் போனால் அப்பாவைக் கொண்டுபோய் ஒரு முதியோர் இல்லத்தில் விடவேண்டி வரும். கூடாது. மரிசெல் போகக்கூடாது.

அடுத்த நாள் மத்தியானம், கார் உதிரிப்பாகக் கிடங்கின் சாப்பாட்டு அறையில் அன்புராசா விசயத்தை றெமிஜியஸிடம் கொட்டினார். றெமிஜியஸ் பக்கத்து மெஷின்காரன், கிடங்கு முழுவதற்கும் இலவச ஆலோசகன்.

"இதுக்கே மூஞ்சையைத் தொங்கப் போட்டனீ?" றெமிஜியஸ் கொத்துரொட்டியை அள்ளி வாயில் போட்டான். "திரும்ப எடுப்பினம்தானே? ஆள் சரியில்லை எண்டு நாலு குறை சொல்லிவிடு மச்சான். அலுவல் முடிஞ்சுது."

"பாவமல்லே?"

"அப்ப உன்ர அப்பா பாவமில்லையோ?"

அன்புராசா தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். அவித்த கடலையும் வெள்ளரிக்காயும். அப்பாவுக்குப் பத்தியம் என்றால் வீட்டில் எல்லாருக்கும் பத்தியம், அதுதான் மரிசெல்லின் சட்டம். கொத்துரொட்டியைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்ட நேரத்தில் போன் அடித்தது.

"அவர் ஒரு சண்டைக்காரி," என்று எடுத்த எடுப்பிலேயே அன்புராசா தொடங்கினார். "மருந்துக்கடையில் போய் நின்று கத்தினார்."

"அப்படியா? எதற்காக?"

அன்புராசாவுக்குப் பொய் சொல்ல வராது. அவசரத்தில் உண்மைதான் முந்திக்கொண்டு வரும். "குளிசையின் அளவு பிழை என்று."

"உண்மையில் பிழையா?"

"பிழைதான்."

"அற்புதம்!" என்றது குரல். "மருந்துக்கடையின் பிழையையே கண்டுபிடித்திருக்கிறாரே!"

"இல்லை, இல்லை. நடுச்சாமத்தில் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார். மனுசரை நித்திரை கொள்ள விடமாட்டார்."

"இரவிலும் கவனிப்பா! நாங்கள் கேட்காமலே சொல்கிறீர்களே."

"யாராவது லட்டு கொண்டுவந்தால் வாசலிலேயே பறித்துவிடுவார். பெரிய பிடிவாதம். யார் சொன்னாலும் கேட்கமாட்டார்."

"எங்கள் வார்டுக்கு அப்படி ஒருவர்தான் தேவை, மிஸ்டர் அன்புராசா. கோடைக்குத்தான் எடுப்பதாக இருந்தோம். இனிப் பொறுக்க முடியாது. அடுத்த மாதமே வரச்சொல்கிறேன்."

போன் வைக்கப்பட்டது. அன்புராசா பேயறைந்த மாதிரி இருந்தார்.

"என்னவாம்?" என்றான் றெமிஜியஸ்.

"கெதியா எடுக்கப் போயினமாம்."

"அட நாசமே! குறை சொல்லச் சொன்னா, உனக்கு அதுகூட ஒழுங்காச் சொல்லத் தெரியாதோ? சரி, விடு. மனச்சாட்சியைத் தொடு. நீயே எடுத்து, அப்பா செத்துப்போவார் எண்டு அழு."

அழுகிற வேலை அன்புராசாவுக்குச் சுகமாக வந்தது, ஏனென்றால் அது மெய்யாகவே வந்தது. அவர் அந்தத் தலைமை நேர்ஸைக் கூப்பிட்டு, மரிசெல் இல்லாவிட்டால் எங்கள் வீடு இருண்டுவிடும், ஒரு வாய் தண்ணீர்கூட இறங்காது, தயவுசெய்து வேறு ஆளைப் பாருங்கள் என்று விக்கி விக்கிச் சொன்னார்.

அந்தப் பக்கத்திலும் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. "உங்கள் அப்பாவும் என்னோடு பேசினார். அவரும் இதேபோலத்தான், வீட்டை நினைத்து மிகவும் கவலைப்பட்டார். இவ்வளவு அன்பைச் சம்பாதித்த ஒரு நேர்ஸை நாங்கள் விடுவோமா? ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே அவருக்கு ஒரு வீடும் ஒழுங்கு செய்யப் போகிறேன்."

வேலையோடு வீடும் கிடைத்துவிட்டது! அன்புராசா தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார்.

அன்று மாலை அவர் மரிசெல்லிடமே நேரே போனார். விசயம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல், வடக்கே குளிரைப் பற்றி, சுற்றிவர ஆளரவமில்லாத காட்டைப் பற்றி, கடைசியில் கரடியைப் பற்றிச் சொன்னார்.

"ஆஸ்பத்திரி வாசலுக்கே வருமாம், பிள்ளை."

மரிசெல் கீரை ஆய்ந்த கையை நிறுத்தி யோசித்தாள். புயலில் கூரை பறந்த வார்டில் பிள்ளைப்பேறு பார்த்தவள் அவள். "வரட்டுமன் அண்ணை. கரடியிட்ட ஹெல்த் கார்ட் இருக்கோ எண்டு கேப்பம்."

இனி ஒரே வழிதான். அன்புராசா அப்பாவின் அறைக்குப் போனார். சண்முகலிங்கத்தார் கண்ணாடிக்கு முன்னால் நின்று தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஒரு ரெண்டு நாளைக்கு வருத்தக்காரர் மாதிரிப் படுங்கோவன்."

"ஏன்ரா, உனக்கென்ன விசரே? நாளைக்கு எனக்கு முன்னூற்றுநாலு சீட்டாட்டம் இருக்கு. நான் படுத்தா ஆர் விளையாடுறது?"

"உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன்."

"என்ர நன்மையை நான் பாப்பன். நீ முதல் போய் நட. மரிசெல் வெளிக்கிட்டு நிக்கிறா."

அதுவும் ஒரு சட்டம். மாலையில் அப்பாவை நடத்தவேண்டும். அப்பாவுக்குத் துணையாக அன்புராசாவும் போகவேண்டும். அப்பா எப்போதும் முன்னால் விறுவிறு என்று போய்விடுவார், அன்புராசா மூச்சிரைக்க மூசிக்கொண்டு பின்னால் வருவார். வயதுபோன மனுசருக்கு ஒரு அவதானம் கிடையாது என்று அன்றைக்கும் அவர் மனதுக்குள் திட்டினார்.

அடுத்த நாள் சனிக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அப்பாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. அப்பா நித்திரையாக்கும். உள்ளே போனால் வாயைப் பிளந்தபடி கிடப்பார், பார்க்கப் பாவமாக இருக்கும். அன்புராசாவின் மூளையில் மின்னல் வெட்டியது. கீழே பேஸ்மன்ற்றில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த மரிசெல்லிடம் ஓடினார்.

"மரிசெல்! அப்பா விழுந்திட்டார்! அசையிறார் இல்லை!"

மரிசெல் படிகளில் பறந்தாள். அன்புராசா பின்னால் ஏறி வருவதற்குள் அவள் அறையிலிருந்து வெளியே வந்துவிட்டாள். முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணை, எங்க ஐயா?"

கட்டில் வெறுமையாகக் கிடந்தது.

அன்புராசாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பா எப்போதோ சீட்டு விளையாடப் போய்விட்டார்! உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் மரிசெல் அவசர உதவிக்குப் போன் எடுத்துவிட்டாள். "விழுந்தவர், வயது எண்பது, தலையில் அடிபட்டிருக்கலாம், வெளியில் போய்விட்டார்," என்று படபடவென்று சொன்னாள்.

"பிள்ளை, ஒரு நிமிசம் ..."

"கதைக்காதேங்கோ! பின்பக்கம் போய்ப் பாருங்கோ!"

அம்புலன்ஸ் வந்தது. தீயணைப்பு வண்டி வந்தது. பொலிஸ் வந்தது. ரவுண்ஹவுஸ் சனம் முழுக்க வாசலில் கூடியது. ஒரு இளம் பொலிஸ்காரன் மிக அக்கறையாக அன்புராசாவைக் கேட்டான்: "விழுந்தபோது அவர் என்ன உடுத்திருந்தார்?"

அன்புராசாவுக்கு வியர்த்து வழிந்தது. "உடுப்பு," என்றார்.

அந்த நேரம் தெருமுனையில் பஸ் நின்றது. சாயம் பளபளக்க, கையில் பற்றீஸ் பலகாரப் பையோடு சண்முகலிங்கத்தார் இறங்கினார். தீயணைப்பு வண்டியைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார்.

"ஆர் செத்தது?" என்றார்.

மரிசெல் ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதாள். அன்புராசா அப்படியே படியில் குந்திவிட்டார். வந்ததுதான் வந்தோம் என்று அம்புலன்ஸ்காரன் அவருடைய இரத்தப் பிறஷரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

எல்லாரும் போனபின் அன்புராசா எழும்பவில்லை. மரிசெல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். அழுத கண் இன்னும் காயவில்லை. அதைப் பார்த்ததும் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"நான் பொய் சொன்னனான், பிள்ளை. அப்பா விழேல்லை. நீ போகக்கூடாது எண்டு ... அந்த ஆஸ்பத்திரிக்கும் உன்னைப் பற்றிக் கூடாமச் சொன்னனான்."

மரிசெல் அவருடைய கையிலிருந்த தண்ணீர்க் கோப்பையை வாங்கிக் கீழே வைத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணை, நேர்முகத்தில அந்த மனுசி என்னை 'நேர்ஸ் மரிசெல்' எண்டு கூப்பிட்டவ. எத்தனை வருசத்துக்குப் பிறகு தெரியுமோ? வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திப்போட்டு அழுதனான்." கண்ணைத் துடைத்தாள். "நீங்கள் கூடாமச் சொல்லியே எனக்கு வீடும் தந்திட்டினம். நல்லாச் சொல்லியிருந்தா ஆஸ்பத்திரியையே எழுதித் தந்திருப்பினம்."

அன்புராசா சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் மூக்கைச் சிந்தினார். "போ பிள்ளை. நீ நேர்ஸ். நேர்ஸ் மாதிரிப் போய் இரு. அப்பாவை நான் பாப்பன். வேலையை விட்டெண்டாலும் பாப்பன்."

மரிசெல் அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். "சும்மா விட்டிட்டுப் போவனே? ஐயாவும் நானும் ஆள் பாத்திட்டம். றெஜினா எண்டு மன்னார்ப் பிள்ளை. திங்கக்கிழமை வருவா."

மரிசெல் பெட்டி கட்டத் தொடங்கினாள். திங்கட்கிழமை காலை றெஜினா வந்தாள். வாட்டசாட்டமான பெண், கையில் பெரிய பை. அன்புராசா சேட்டுப் போட்டு, தலையை வாரி இழுத்து, பொறுப்புள்ள மகனாக வாசலிலேயே நின்று வரவேற்றார். அப்பா கதிரையில் இருந்து வெளியே போகச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்கோ தங்கச்சி. முதல்லயே சொல்லிப்போடுறன். அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். சொல்வழி கேளார். குளிசை போட்டிட்டார் எண்டு சொன்னா நம்பாதேங்கோ. அவருக்குப் பின்னால ஒரு ஆள் எந்த நேரமும் நிக்கவேணும். அவர் எனக்கு உயிர், விளங்குதோ?"

றெஜினா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். பிறகு பையைத் திறந்து பிறஷர் பார்க்கும் பட்டியை எடுத்தாள். அப்பாவின் கதிரையைச் சுற்றிக்கொண்டு அன்புராசாவிடம் வந்து, அவருடைய சேட்டுக் கையை மடித்து மேலே ஏற்றினாள்.

"ஐயாவைப் பற்றி ஏன் அண்ணை எனக்குச் சொல்லுறியள்? உங்களைப் பாக்கிறதுக்கெண்டுதானே ஐயா மரிசெல்லையும் வைச்சிருந்தவர், இப்ப என்னையும் எடுத்தவர்!"