கடையில் இல்லாததையே கேட்கும் ஹலோ அக்கா

"அது இப்ப வர்றதில்லீங்க" என்று சொல்லி ஹலோ அக்காவைத் திருப்பி அனுப்பிய கடைக்காரர் நீலகிரி மாவட்டத்திலேயே கிடையாது. சொன்னவர்கள் உண்டு. அக்காதான் திரும்பிப் போனதில்லை.

குன்னூரில் நான் வேலை பார்க்கும் எஸ்டேட் ஆபீசில் அவர் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தார். ஆளுக்கொரு செல்போன் வந்ததும் நிர்வாகம் சுவிட்ச்போர்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது. அக்காவைக் கழற்ற முடியவில்லை. தபால் பிரிவில் உட்கார வைத்தார்கள். அங்கும் யார் கூப்பிட்டாலும் "ஹலோ" என்றுதான் திரும்புவார். எதைச் சொன்னாலும் "திருப்பிச் சொல்லுங்க" என்பார். ஒருநாள் மேனேஜர் நேரில் வந்து பேசும்போது இருமிவிட்டார். "சார், லைன் க்ளியரா இல்லீங்க" என்றார் அக்கா.

அவருடைய பெரிய போராட்டம் ஒரு பல்பொடிக்காக. டப்பாவில் மான் படம் போட்ட ரோஸ் கலர் பல்பொடி. சின்ன வயதில் நாங்கள் அதில் பல் தேய்த்தது பாதி, தின்றது பாதி. அது கடைகளுக்கு வருவது நின்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் அக்கா சனிக்கிழமை தவறாமல் மார்க்கெட்டில் பாய் கடைக்குப் போய்க் கேட்பார்.

"பாய், மான் மார்க் வந்துச்சுங்களா?"

"அந்தக் கம்பெனியையே மூடிட்டாங்கம்மா."

"மூடுனதத் தொறக்க எவ்வளவு நேரமாகுமுங்க? நாம கேக்கறத விட்டதுனாலதான் அவங்க மூடிட்டாங்க."

இந்தக் கொள்கையை எங்கள் மேலும் ஏவிவிட்டார். டீ குடிக்கப் போகிறவர்கள் எல்லோரும் பாய் கடையில் ஒருமுறை மான் மார்க் கேட்டுவிட்டு வர வேண்டும். அக்கவுண்டன்ட் கேட்டார். டிரைவர் கேட்டார். ஃபேக்டரி சூப்பர்வைசர் மாமியாரை அனுப்பிக் கேட்டார். குன்னூரே பல்பொடிக்கு ஏங்குகிறது என்று நம்பிவிட்ட பாய், கோயமுத்தூர் மொத்தக் கடைகளில் அலைந்து, யாரோ குடோன் மூலையில் மறந்துவிட்ட ஒரு பெட்டியைக் கொண்டு வந்து சேர்த்தார். டப்பாவைத் திறந்தால் பொடி கல்லாகியிருந்தது.

"பரவால்லீங்க. இடிச்சுக்கலாம்" என்றார் அக்கா. ஆபீஸ் உரலில்லாத இடம் என்பதால் பேப்பர் வெயிட்டால் இடித்தார். மறுநாள் ஆபீஸ் முழுக்க ரோஸ் கலர் சிரிப்பு, மேனேஜர் உட்பட.

பொருள்களை மட்டுமல்ல, பழைய பழக்கங்களையும் அவர் விடவில்லை. வெளியே கிளம்பினால் வீட்டுக் கதவில் ஒரு சிலேட்டு தொங்கும்: "ரேஷன் கடைக்குப் போயிருக்கிறேன். சாவி பூந்தொட்டிக்குக் கீழே."

"ஏனுங்கக்கா, இது திருடனுக்கு வெச்ச பத்திரிகையாட்ட இருக்குதே!" என்றேன்.

"திருடனுக்கு எதுக்குங்க சாவி? ஊட்டுக்கு வர்றவங்களுக்குத்தான் சாவி வேணும்."

ஒருமுறை அவர் திரும்பி வந்தபோது சிலேட்டின் கீழே வேறு கையெழுத்தில், "வந்தோம். டீ போட்டுக் குடித்தோம். சர்க்கரை தீர்ந்துவிட்டது" என்று எழுதியிருந்தது. யார் வந்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. "பாவம், பத்தாமப் போயிருக்குமோ என்னமோ" என்பதுதான் அக்காவின் ஒரே கவலை.

இதையெல்லாம் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன், அந்த மழைக்காலம் வரும்வரை.

என் மனைவி செல்வி பிரசவத்துக்குப் பிக்கட்டியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். விடாத மழை. பாதி வழியில் மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டது. கரண்ட் போனது, பின்னாலேயே டவரும் போனது. நான் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே செல்போனை நீட்டிப் பிடித்தபடி நனைந்துகொண்டு நின்றேன்.

"போன் போனா என்னங்க? ஆளுங்க இருக்கறாங்கல்ல?" என்று அக்கா குடையை எடுத்தார்.

பஸ் ஸ்டாண்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு போய், மண் சரிந்த இடம் வரை போகும் பஸ்ஸின் கண்டக்டரைப் பிடித்தார்.

"பிக்கட்டியில ஸ்கூலுக்குப் பக்கத்து ஊட்ல செல்வின்னு ஒரு பொண்ணு. அவ ஊட்டுக்காரர் நல்லா இருக்கறார், ரோடு தொறந்ததும் வந்துருவார், பயப்படக் கூடாது, ஒடம்பு எப்படின்னு இதே வழியில சொல்லியனுப்போணும். திருப்பிச் சொல்லுங்க!"

கண்டக்டர் சொன்னார். ஒரு வார்த்தை விட்டுப்போனது. மறுபடியும் சொல்ல வைத்தார். பஸ்ஸில் இருந்தவர்களுக்கெல்லாம் மனப்பாடமான பிறகே விசில் அடிக்க விட்டார்.

அந்தச் சேதி கண்டக்டரிடமிருந்து, விழுந்த கம்பத்தை நிமிர்த்த வந்த லைன்மேனுக்குப் போனது. அவர் சரிவைத் தாண்டி, அந்தப் பக்கம் நின்ற கேரட் விவசாயி ஒருவரிடம் சேர்த்தார். செல்வி பிறகு சொன்னாள்: தலையில் சாக்கைப் போர்த்திய ஒருவர் வாசலில் வந்து நின்று, "ஹலோ, குன்னூருங்க" என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் ஒப்பித்து, "திருப்பிச் சொல்லுங்க" என்று முடித்தாராம். வலியோடு வலியாகச் சிரித்துக்கொண்டே இவளும் திருப்பிச் சொன்னாளாம்.

மறுநாள் மத்தியானம் அதே கண்டக்டர் ஆபீசுக்குள் ஓடி வந்தார்.

"ஹலோ, பிக்கட்டிங்க! பொண்ணு பொறந்திருக்குது. அம்மாவும் கொழந்தையும் நல்லா இருக்கறாங்க. அப்பா வர்றப்ப ஸ்வெட்டர் போட்டுட்டு வரோணும். திருப்பிச் சொல்லுங்க!"

நான் அதற்குள் ஸ்வெட்டரைத் தேட ஆரம்பித்திருந்தேன். அக்காதான் எனக்காகத் திருப்பிச் சொன்னார். ஒரு வார்த்தை தப்பவில்லை. குரல்தான் கொஞ்சம் உடைந்தது.

அந்தக் குழந்தை இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அக்கா ரிட்டயராகி ஊட்டி பெர்ன்ஹில்லில் தங்கை வீட்டோடு இருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை, முன்கூட்டிச் சொல்லாமல், மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். வருகிறவர்களுக்காகச் சாவியை வெளியே வைத்துவிட்டுப் போன அக்காவே, கதவைத் திறந்ததும் பதறிவிட்டார்.

"ஏனுங்க, திடுதிப்புனு வந்திருக்கறீங்க! எல்லாரும் நல்லாத்தான இருக்கறீங்க? ஏதாச்சும் சோலியா வந்தீங்களா?"

"ஒரு சோலியும் இல்லீங்கக்கா. உங்களப் பாக்கோணுமாட்ட இருந்துச்சு. அவ்வளவுதான்."