பதினெட்டு வயதுக் குடும்பத் தலைவர்

என் அக்காவின் கல்யாணத்தை நாலு மணி நேரம் நிறுத்தி வைத்தவன் நான். மாப்பிள்ளை வீட்டாரோடு சண்டை இல்லை. யாரும் ஓடிப்போகவில்லை. மழைகூடப் பெய்யவில்லை. எனக்குப் பதினெட்டு வயது முடிந்திருந்தது, அவ்வளவுதான் காரணம். தொண்ணூறை நெருங்கும் இந்த வயதில் இதை எழுத உட்கார்ந்தால்கூடக் காது சூடாகிறது. (உடம்பில் வேறெங்கும் சூடு மிச்சமில்லை.)

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். சித்தூர் அப்போது சென்னை ராஜதானியில் இருந்தது. நான் இண்டர்மீடியட் முடித்துவிட்டு ஒரு வக்கீல் ஆபீசில் நகல் எழுதிக்கொண்டிருந்தேன். நைனா, அதாவது அப்பா, என்னுடைய ஒன்பதாவது வயதிலேயே இறந்துவிட்டார். அம்மா ஒரு மிஷன் பெண்கள் விடுதியில் சமையல்காரி. எண்பது பிள்ளைகளுக்குச் சோறு வடித்து, என்னையும் என்னைவிட இரண்டு வயது மூத்த ராகேல் அக்காவையும் படிக்க வைத்தாள்.

வக்கீல் ஆபீஸ் அலமாரியில் ஒரு நாள் மேஜர் வயதைப் பற்றிய சட்டம் கண்ணில் பட்டது. பதினெட்டு முடிந்தால் ஒருவன் முழு மனிதன் என்று அச்சில் போட்டிருந்தது. எனக்குப் பதினெட்டு முடிய இன்னும் ஒரு மாதம். அந்த மாதம் முழுக்கக் கையெழுத்துப் போட்டுப் பழகினேன். பாழாய்ப்போன நகல் தாள்களின் பின்பக்கமெல்லாம் 'எஸ். ஞானமுத்து', அடியில் இரண்டு கோடு, கோட்டின் முடிவில் பாம்பு வால் மாதிரி ஒரு சுழி. வக்கீலுக்கே அப்படிப்பட்ட சுழி கிடையாது.

பிறந்தநாள் காலையில் அம்மாவையும் அக்காவையும் கூப்பிட்டு நிறுத்தி அறிவித்தேன். "இன்னிலேர்ந்து இந்த வீட்டுக்கு நான்தான் தலைவர். கையெழுத்து போடுறது, முடிவு எடுக்கிறது எல்லாம் என் பொறுப்பு."

அக்கா என் மேலுதட்டையே பார்த்தாள். "வர்றதா வேணாவான்னு மீசையே இன்னும் முடிவு பண்ணல. நீ என்னடா முடிவு பண்ணப் போற?"

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "சரிங்க பெரியவரே, கஞ்சி ஆறிக்கினு இருக்கு, குடிங்க" என்றாள்.

அக்காவுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை பாக்கியநாதன் திருப்பதிக்காரர், பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வேலை. அவருடைய அப்பா படுத்த படுக்கை என்பதால் கல்யாணம் திருப்பதியில், அவர்கள் சபையில் என்று ஏற்பாடு. மாப்பிள்ளைக்குக் கிடைத்த லீவு கொஞ்சம்தான். கல்யாணத்தன்றே சாயங்காலம் நாலரை மணி ரயிலைப் பிடித்தாக வேண்டும். அதற்கப்புறம் கப்பலா, பர்மா எல்லையா, எப்போது திரும்புவார், திரும்புவாரா என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. அதனால்தான் இருவரும் அந்த ஒரு நாளை அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

திருப்பதிப் போதகருக்குக் கல்யாண நோட்டீஸ் அனுப்பும் வேலையைக் குடும்பத் தலைவர் எடுத்துக்கொண்டார். நல்ல கனமான இங்கிலீஷில் எழுதினேன். போதகரிடமிருந்து பதில் வந்தது: பெண்ணுக்கு இருபத்தொன்று ஆகவில்லை, தகப்பனாரும் இல்லை, ஆகவே கார்டியன் சம்மதம் வேண்டும், கார்டியன் இல்லையென்றால் தாயார் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

இந்த இடத்தில்தான் நான் ஒளிக்காமல் எழுத வேண்டும். கடிதம் எனக்குப் புரியாமல் இல்லை. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழில் ஒவ்வொரு எழுத்தாக, அரிசியில் கல் பொறுக்குவது போலப் பொறுக்கிப் பொறுக்கிக் கையெழுத்துப் போடுவாள். அவ்வளவு அழகான இங்கிலீஷ் காகிதத்தில் அந்தக் கையெழுத்து வருவதை நினைத்தாலே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆகவே, 'நானே கார்டியன், மேஜர், குடும்பத் தலைவர்' என்று பதில் எழுதி, சுழியோடு கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அந்த இங்கிலீஷைப் படித்த போதகர், நரைத்த மீசையும் கோர்ட் உத்தரவும் வைத்திருக்கும் ஒரு பெரிய மனிதரை மனதில் வரைந்துகொண்டிருக்க வேண்டும். மறு கடிதம் வரவில்லை. அவர் கடிதத்தை வீட்டில் அரிசிப் பானைக்குப் பின்னால் சொருகிவிட்டு மறந்தும் போனேன்.

பயணத் திட்டமும் நான்தான் போட்டேன். அக்காவும் நானும் முதல் நாளே ரயிலில். அம்மா, இரண்டு மண்ணெண்ணெய் டின் நிறைய அதிரசத்தோடு மறுநாள் விடியற்காலைப் பஸ்ஸில்.

"நான் பொண்ணுகூடவே வர்றேன்டா" என்றாள் அம்மா.

"ரயில்ல அதிரசம் நசுங்கும்மா."

"டின்னை வேற யார்கிட்டயாச்சும் குடுத்து அனுப்பலாம்டா."

"சட்டப்படி முடிவு எடுக்க வேண்டியவன் நான்மா." இதை நான் உண்மையாகவே சொன்னேன். அம்மா டின் மூடியை அழுத்தி மூடினாள். "மொத பஸ் எட்டரைக்கெல்லாம் திருப்பதி போய்டுமில்ல?" என்று மட்டும் கேட்டாள்.

போய்விடும் என்றேன். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிப்புகையில் ஓடிய காலம் என்பதைத் திட்டத்தில் சேர்க்கவில்லை.

பத்து மணிக்குச் சபைக் கோயில் நிறைந்திருந்தது. வக்கீல் குமாஸ்தாவிடம் இரவல் வாங்கிய கோட்டில் நான் நின்றேன். (அவர் என்னைப் போல் இரண்டு பேர்.) போதகர் பதிவுப் புத்தகத்தோடு பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தார்.

"கார்டியன் ஞானமுத்து அவர்களைக் கூப்பிடுங்கள்."

"நான்தான் ஐயா."

"உங்க அப்பாவைக் கூப்பிடு தம்பி."

"அப்பா இல்லைங்க ஐயா. கார்டியன் நான்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். அப்போதும் நான்தான் நின்றேன். "உனக்கு வயசென்ன?"

"பதினெட்டு முடிஞ்சுது ஐயா. மேஜர்."

"உன்னைக் கார்டியனாகப் போட்ட கோர்ட் உத்தரவு?"

சட்டப் புத்தகத்திலிருந்து நான் நகலெடுத்து வந்த தாளை நீட்டினேன். அவர் பொறுமையாகப் படித்தார். பிறகு மேலே இருந்த ஒரு பத்தியில் விரலை வைத்தார். நகல் எழுதுகிற பழக்கத்தில் முழுப் பக்கத்தையும் எழுதியிருந்தேனே தவிர, அந்தப் பத்தியை நான் படித்திருக்கவில்லை. இந்த வயதுக் கணக்கு கல்யாண விஷயத்துக்குச் செல்லாது என்று என் கையெழுத்திலேயே அங்கே இருந்தது.

"கல்யாணச் சட்டத்தில் இருபத்தொன்று ஆகாதவர் எல்லாம் மைனர்தான் தம்பி. உன் அக்கா மைனர். நீ அவளைவிடச் சின்ன மைனர். ஒரு மைனருக்கு இன்னொரு மைனர் சம்மதம் கொடுத்து என் சர்வீசிலே நான் பார்த்ததில்லை."

தூக்கிவாரிப் போட்டது என்று எழுதுவார்கள். எனக்கு அப்படி இல்லை. கோட்டுக்குள்ளே நான் மட்டும் கரைந்து, கோட்டு தனியாக நிற்பது போல இருந்தது.

"அம்மா இருக்கிறாரா?"

"இருக்காங்க ஐயா. பஸ்ஸில வர்றாங்க."

"வரட்டும். நாலரை ரயிலுக்குள் வந்துவிட்டால் கல்யாணம். இல்லாவிட்டால் மாப்பிள்ளை திரும்பி வந்த பிறகுதான்."

அக்கா கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை. தலையில் முக்காட்டோடு, மெதுவாக, "அம்மாவ ஏன்டா பஸ்ல அனுப்புன?" என்றாள். எழுபது வருஷமாக அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பாடகர் குழு தெரிந்த கீர்த்தனைகளையெல்லாம் பாடி முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. மாப்பிள்ளை யாரையும் குறை சொல்லவில்லை. சுவர்க் கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். போதகர் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் தலையை நீட்டி, "அம்மா வந்துட்டாங்களா?" என்று கேட்டார். பதினோரு மணிக்குக் கேட்டார். பன்னிரண்டுக்குக் கேட்டார். ஒரு மணிக்குக் கோயிலில் இருந்த குழந்தைகளும் அவரோடு சேர்ந்து கேட்க ஆரம்பித்தன.

நான் சந்திரகிரி ரோட்டில் ஓடினேன். எதிரே வந்த ஒரு கரி பஸ்ஸை மறித்துச் சித்தூர் முதல் பஸ் எங்கே என்று கேட்டேன். டிரைவரின் முகத்தில் பல் மட்டும்தான் வெள்ளையாக இருந்தது. "அதா? சந்திரகிரிகிட்ட நின்னுகினு இருக்குது. அடுப்பு அணஞ்சு போச்சு. ஜனமெல்லாம் எறங்கி ஊதிக்கினு இருக்குது." என் அம்மா ஆயுள் முழுக்க அடுப்பு ஊதியவள். மகள் கல்யாணத்தன்றும் ஊதவிட்டேனே என்று கோட்டோடு ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேன். குடும்பத் தலைவர் அழுவதை ஒரு எருமை நின்று பார்த்தது.

இரண்டு மணி ஆகப்போகும்போது தூரத்தில் கோவிந்தா கோவிந்தா என்று சத்தம் கேட்டது. ராமகுப்பம் பக்கத்திலிருந்து மொட்டை போடத் திருமலைக்குப் போகும் கூட்டம், மாட்டு வண்டியில். வண்டியின் நடுவே, முகமெல்லாம் கரியோடு, மடியில் ஒரு டின்னை அணைத்தபடி என் அம்மா. இன்னொரு டின் காலி. வழியெல்லாம் அதிரசம் கொடுத்து, மாட்டுக்கும் கொடுத்து, வண்டியை ஓட வைத்திருக்கிறாள். நான் பின்னாலேயே ஓடிவர, கோயில் வாசலில் வண்டி நிற்கும் முன்பே அந்தக் கூட்டத்தில் இருந்த ஒரு பெரியம்மா வாயில் அதிரசத்தோடு தெலுங்கில் கத்தினாள்: "பெள்ளிகூத்துரு தல்லி வச்சேசிந்தி!" பெண்ணைப் பெற்றவள் வந்துவிட்டாளாம். அவர்கள் போட்ட கோவிந்தாவில் எங்கள் ஹார்மோனியக்காரர் தாளம் தப்பினார். போதகர் வெளியே வந்து, கை கூப்பி, அவர்களை நிழலில் உட்காரச் சொன்னார்.

அம்மா யாரையும் எதுவும் கேட்கவில்லை. நேரே பதிவுப் புத்தகத்துக்குப் போய், முந்தானையில் கையைத் துடைத்து, "எங்க ஐயா போடணும்?" என்றாள். பிறகு இடுப்பு முடிச்சை அவிழ்த்து மடித்த காகிதம் ஒன்றை மேஜைமேல் வைத்தாள். போதகர் எனக்கு எழுதிய கடிதம்.

அரிசிப் பானையில் தினமும் கை விடுகிறவள் யார் என்று நான் யோசித்திருக்கவில்லை. கண்ணில் பட்ட அன்றைக்கே விடுதி வார்டனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லித் தெரிந்துகொண்டிருக்கிறாள்.

"தெரிஞ்சிருந்தும் ஏம்மா சொல்லல?" என்றேன்.

"எட்டரைக்கே வந்து, நீ வர்றதுக்குள்ள போதகர் ஐயர்கிட்ட கையெழுத்த போட்டுட்டுப் போய் உக்காந்துக்கலாம்னு நெனச்சேன். அத்தினி பேர் முன்னால உன் பேச்சு கீழ வுழ வேணாம்னுதான்." கரி அப்பிய முகத்தில் கோபம் துளியும் இல்லை. "பஸ்ஸு கெடுத்துட்ச்சி."

எழுத்தெழுத்தாகப் போட்டாள். கோயிலே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. முடிந்ததும் பேனாவை என் பக்கம் நீட்டி, "இவன் சாட்சி போடலாமா ஐயா?" என்று கேட்டாள்.

"தாராளமாக. கண்ணால் பார்த்ததைச் சொல்ல வயசு தேவையில்லை" என்றார் போதகர்.

போட்டேன். சுழி வரவில்லை. கோடும் வரவில்லை. அம்மாவின் பெயருக்குக் கீழே, தமிழில், என் பெயர் மட்டும் இருந்தது.

மாப்பிள்ளை ரயிலைப் பிடித்தார். மூன்று வருஷம் கழித்துத் திரும்பியும் வந்தார். வந்து இறங்கியவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "மச்சான், அம்மா வந்துட்டாங்களா?"

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் நான் பேனாவைத் திறந்தால் போதும், யாராவது அதைக் கேட்டுவிடுவார்கள். தலைமை ஆசிரியராக முதல் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டபோது கேட்டார்கள். என் கல்யாணத்தில் கேட்டார்கள். (எனக்கு அப்போது இருபத்தேழு. அம்மா முன்வரிசையிலிருந்து "வந்துட்டேன், போடு" என்றாள்.) அம்மாவை அடக்கம் செய்த அன்று மட்டும், பதிவேட்டைப் போதகர் என் முன்னால் வைத்தபோது, யாரும் கேட்கவில்லை. அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

போன மாதம் பென்ஷனுக்காக பாங்குக்குப் போனேன். கை நடுங்குவதால் கையெழுத்து ஒத்துப்போகவில்லை. கவுண்டரில் இருந்த பெண் கனிவாக, "கூட யாராவது பெரியவங்க வந்திருக்காங்களா தாத்தா?" என்றாள். பின்னால் நின்ற என் மகனுக்கு அறுபது வயது. சிரிப்பை அடக்க முடியாமல் என் காதருகே குனிந்தான்.

"நைனா, அம்மா வந்துட்டாங்களா?"

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஒரு தடவை வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பேனாவைக் காகிதத்தில் வைத்தேன்.