போட்டிக்கு முந்தைய நாள் ரிப்பன்

இஸ்திரிப் பெட்டியைத் தூக்கியதும் ரிப்பனும் அதோடு ஒட்டிக்கொண்டு எழுந்து வந்தது. பிய்த்து எடுத்தபோது நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு ஓட்டை. கணக்காளர் அவசரமாக ஸ்விட்சை அணைத்தார்.

அது தலையில் கட்டும் ரிப்பன் இல்லை. ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிக்கு உரியது. குச்சி நுனியில் கோத்த ஆறு மீட்டர் சாட்டின். இசைக்கு ஏற்ப அதைச் சுருள் சுருளாகச் சுழற்றி ஆட வேண்டும். மகளுக்காக வாங்கியது. அவளைப் பயிற்சிக்கு அழைத்துப் போவதும் கூட்டி வருவதும் மனைவி பொறுப்பு. அவர் அலுவலகத்திலிருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

மறுநாள் போட்டி. "யாரும் அதுல கை வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் மனைவி கடைக்குப் போயிருந்தாள். யாரும் என்றபோது அவரை மட்டும் பார்த்தாள். அவர் கைபட்ட சாமான் எதுவும் அப்புறம் உருப்பட்டதில்லை என்பது அவள் கட்சி. உருப்பட்டவையும் உண்டு, எவை என்பதுதான் அவருக்குச் சட்டென்று நினைவுக்கு வராது.

பாவம், பெண்ணைவிட அம்மாவுக்குத்தான் பதற்றம் அதிகம். ஒரு வாரமாகச் சரியான சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. கசங்கிக் கிடந்த ரிப்பனையாவது தேய்த்து வைப்போமே என்று நினைத்ததுதான் அவர் செய்த குற்றம்.

ஓட்டையை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு துண்டையும் சேர்த்துத் தைத்தார். முடித்தபிறகு பார்த்தால் அவர் சட்டை நுனியும் அதோடு சேர்ந்திருந்தது. பிரித்ததில் சாட்டின் நூல்நூலாகக் கழன்று வந்தது. இன்னும் கொஞ்சம் வெட்டினார். நீளம் குறைந்தது. அதை ஈடுகட்ட, ஜன்னல் திரையின் அடியில் ஒரு பட்டை கிழித்து ஒட்டுப்போட்டார். நிறம் கிட்டத்தட்ட ஒன்றுதான், கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால். திரை முழங்கால் வரை ஏறி நின்றது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சரியாகச் சுழல்கிறதா என்று பார்க்க வேண்டாமா? கூடத்தின் நடுவில் நின்று கையை ஒரு வீசு வீசினார். திரைத்துணியின் கனத்தில் ரிப்பன் அவர் நினைத்த பக்கம் போகாமல் மேலே போயிற்று. மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அது குச்சியை அவர் கையிலிருந்து பிடுங்கி, அவரைவிட நன்றாகவே சுழற்றியது. அலமாரியிலிருந்த கண்ணாடிக் குவளைகள் நொறுங்கின. குச்சியும் இரண்டாக முறிந்தது.

சத்தம் கேட்டு மகள் வந்து எட்டிப்பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு நடந்ததைச் சொன்னார்.

"எனக்கென்னப்பா, போனா போகுது. ஆனா அம்மா பார்த்தா நீங்க காலி."

கணக்காளருக்குக் கண் கலங்கிவிட்டது. தன் போட்டியே பாழாகிற நேரத்திலும் அப்பாவுக்காகக் கவலைப்படுகிற பெண். அவள் நாளைக்கு அத்தனை பேர் முன்னால் வெறுங்கையோடு நிற்பதா? மனைவியின் திட்டு கிடக்கட்டும், அது வாங்கிப் பழகியது. மிச்சம் மீதியைப் பையில் திணித்துக்கொண்டு பயிற்சிக்கூடத்துக்கு ஓடினார்.

பயிற்சியாளர் அம்மாள் வளையங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். பையிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்து, இது என்ன என்று விசாரித்தார். ரிப்பன் என்று கணக்காளர் சொல்ல வேண்டியிருந்தது.

மாற்று ரிப்பன் ஒன்று இருந்தது. ஆனால் அது வேறு எடை, கைக்குப் பழகாது, எதற்கும் வீட்டம்மாவை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமே என்றார் அந்த அம்மாள்.

"அவளுக்கு இதைப் பத்தி என்ன மேடம் தெரியும்? கீழ விழுந்த கரண்டியைக் குனிஞ்சு எடுக்கறதுக்கே ஆயிரம் முனகல் முனகுவா. என் பொண்ணு சமாளிச்சுக்குவா, நீங்க குடுங்க."

பயிற்சியாளர் அம்மாள் மாற்று ரிப்பனைத் தன் கையிலேயே சுருட்டி வைத்துக்கொண்டார்.

"உங்க பொண்ணு பிடிக்கலைன்னு எப்பவோ நின்னுட்டா சார். நாளைக்கு ஆடப்போறது உங்க வீட்டம்மாதான்."