மாஸ்டர் முணுமுணுத்த பாட்டு

"வெண்ணெய் உருகும் வீதியிலே" என்றுதான் வருகிறதென்று பட்டன்காரம்மா அடித்துச் சொன்னாள். இஸ்திரி போடுபவர் காதில் அது "வெள்ளை எருமை வேலியிலே." முதலாளியோ "வேலை வருமே வேளையிலே" என்று ஏதோ தத்துவப் பாட்டாக நினைத்து, அதற்காகவே மாஸ்டர்மேல் தனி மரியாதை வைத்திருந்தார். காலர்காரருக்குத் தலை சுற்றியது. மாஸ்டர் வாயில் ஓடுவது என்ன பாட்டு என்று தெரியாவிட்டால் தன் ஆசை அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். சீருடை தைக்கும் அந்தத் தகரக் கொட்டகையிலிருந்து கட்டிங் மாஸ்டர், இன்னும் தெம்பு இருக்கும்போதே, காரணம் சொல்லாமல் இந்த மாதக் கடைசியோடு விலகுகிறார். அவர் யாரைக் கைகாட்டுகிறாரோ அவருக்குத்தான் வெட்டும் மேஜை என்று முதலாளி சொல்லிவிட்டார். காலர்காரர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து காலர் மட்டுமே தைத்து, எதிரே வருகிறவர்களின் கழுத்தைப் பார்த்துவிட்டு முகத்தை மறந்துவிடும் நிலைக்கு வந்திருந்தார். ஆசைப்படுவதில் என்ன தப்பு? மாஸ்டர் கைதேர்ந்தவர், ஆனால் சிடுமூஞ்சி. அவரைக் குளிரவைக்க ஒரே வழி, வழியனுப்பு விழாவில் அவருக்குப் பிடித்த பாட்டைப் பாடிவிடுவதுதான். மிஷின்கள் நின்று டீ வரும் நேரத்தில் அவர் முணுமுணுப்பது அந்த ஒரே பாட்டைத்தானே.

முதலில் நேராகவே கேட்டுப் பார்த்தார்.

"மாஸ்டர், எப்பவும் பாடுறீங்களே, அது என்ன பாட்டு?"

"ஏன்யா, கிண்டலா?" என்று மாஸ்டர் முறைத்த முறைப்பில் கத்தரிக்கோல் தடம் மாறி, ஒரு கட்டுத் துணிக்கு இடது கை மட்டும் குட்டையாகப் போனது. அன்று முழுக்க அவர் காலர்காரரோடு பேசவில்லை. நல்லது செய்யப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டோமே என்று காலர்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் வாயையே திறக்காமல், காதைத் தீட்டிக்கொண்டு மிஷினில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கென்று பார்த்து மாஸ்டரிடமிருந்து ஒரு முனகல் வரவில்லை. முகம்கூடத் தெளிந்திருந்தது; தன் டீயில் பாதியைக் காலர்காரருக்கு ஊற்றியும் கொடுத்தார். டீ கிடைத்த சந்தோஷத்தைவிடப் பாட்டு கிடைக்காத பயம்தான் பெரிதாக இருந்தது.

அடுத்த முணுமுணுப்பு எப்போது வருமென்று காத்திருந்து, போனைத் துணிக்கு அடியில் ஒளித்துவைத்துப் பதிவு செய்தார். வீட்டில் போட்டுப் பார்த்தால் முக்கால்வாசி மின்விசிறி இரைச்சல். நடுவில், தொண்டையில் எதையோ அடைத்துக்கொண்டு யாரோ புலம்புவதுபோல இரண்டு வரி. திரும்பத் திரும்பக் கேட்ட மனைவி நிமிர்ந்தாள்.

"குளிக்கும்போது ஒரு பாட்டைக் கொலை பண்ணுவீங்களே, அதுதாங்க இது."

அட, ஆமாம். வார்த்தைகள் தாறுமாறாகக் கிடந்தாலும் மெட்டு அதேதான். மாஸ்டருக்கும் தனக்கும் ஒரே ரசனை என்று நினைக்க நினைக்க காலர்காரருக்குக் கண் கலங்கியது. அந்தப் பாட்டில் அப்படியொரு வரியே கிடையாது, நீங்கள் பாடுவதும் தப்பு, உங்கள் மாஸ்டர் பாடுவதும் தப்பு என்று மனைவி சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை.

அப்புறம் ஒத்திகை. வீட்டில் பாடினால் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவார்கள். கொட்டகையில் அந்தக் கவலை இல்லை; மிஷினில் உட்கார்ந்தால் வாய் தானாகப் பாடும் பழக்கமும் அவருக்கு முன்பே உண்டு. அத்தனை மிஷினும் ஓடும்போது தன் குரல் தனக்கே கேட்காது. குனிந்த தலை நிமிராமல் தொண்டை கிழியப் பாடிப் பழகினார்.

அதோடு மாஸ்டரின் போக்கே மாறிவிட்டது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வர ஆரம்பித்தார். பாக்கெட்டுகளைத் தலைகீழாக வெட்டினார். குனிந்திருக்கும் தலைகளுக்கு நடுவே நடந்து ஒவ்வொருவரையும் சந்தேகமாகப் பார்த்தார். பாவம், காதுவலி போல என்று இரக்கப்பட்ட காலர்காரர், இனி அவருக்குக் கேட்காது என்ற தைரியத்தில் இன்னும் அரைக்கட்டை ஏற்றினார். மாதக் கடைசிவரை தாங்காது, வெள்ளிக்கிழமையே அனுப்பிவிடுங்கள் என்று மாஸ்டர் முதலாளியிடம் கெஞ்சினாராம். தையலில் ஏதோ குறை கண்டுதான் மனுஷன் நொந்து போகிறாரோ என்று காலர்காரர் தைத்து முடித்த காலர்களையெல்லாம் திரும்ப எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை வெட்டும் மேஜையைத் துடைத்து, மாஸ்டரையும், முதன்முறையாக அங்கே வந்திருந்த அவர் மனைவியையும் அதற்கு முன்னால் உட்கார வைத்தார்கள். விடுதலை கிடைத்த முகத்தோடு மாஸ்டர் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். அடுத்தது யார் என்று முதலாளி கேட்க, கை சுத்தமான ஆள் ஒருத்தர் இருக்கிறார் என்று காலர்காரர் பக்கம் கையை நீட்டவும் செய்தார். பெயர் வாய்வரை வந்துவிட்டது. பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் காலர்காரருக்கு நன்றி தாங்கவில்லை.

"அதுக்கு முன்னாடி, மாஸ்டருக்குப் பிடிச்ச பாட்டு" என்று எழுந்தார். கண்ணை மூடிக்கொண்டு, உயிரைக் கொடுத்துப் பாடினார்.

கண்ணைத் திறந்தபோது கைதட்டல் இல்லை. மாஸ்டர் நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. அவர் மனைவி முழங்கையால் அவரை இடித்தார்.

"ஏங்க, மிஷின் சத்தத்துல எவன்னே தெரியல, நாள் முழுக்கக் கத்துறான், அவன் பாட்டு என் வாயிலயும் ஒட்டிக்கிச்சு, பைத்தியம் பிடிக்கிறதுக்குள்ள வேலையையே விட்டுடறேன்னு வந்தீங்களே, அது இவருதானா?"